பச்சைக் கொட்டகையில் ஒரு குழல்

மில்டன் பேரன்ஸின் பச்சைத் தகரக் கொட்டகையில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரு நாயும் இருந்தார்கள். வேலைமேசைக்கு முன்னால் உயர முக்காலியில் மில்டன், வெளிச்சம் வலது கண் பக்கம் விழும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தான். இடது கண் வெறும் கண்ணாடிக் கண். எதிரே, மான்கறி வைக்கும் பெரிய ஃபிரீசரின் மேல் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் மச்சான் எல்ஜின். கதவோரம், தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் லியோனா. மில்டனுக்கு மனைவி, எல்ஜினுக்கு அக்கா. நாய் மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. டெக்சஸ் ஆகஸ்டில் நாய்க்கு வேறு எங்கே போக்கிடம்.

மேசைமேல் விரித்த பழைய துண்டில், கட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கி பாதியில் நின்றது. கீழ்ப்பாகம் முடிந்துவிட்டது, விசை, கைப்பிடி, தோள்கட்டை எல்லாவற்றையும் மில்டன் போன வாரமே பொருத்தியிருந்தான். மேல்பாகம் வெற்று அலுமினியக் கூடாகக் குழலுக்குக் காத்துக் கிடந்தது. எந்தக் குழல் என்பதில்தான் மூவருக்கும் இழுபறி. குழலைத் தீர்மானித்துவிட்டால் தோட்டாவும் தீர்மானமாகிவிடும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

எல்ஜின் பழுப்புக் காகிதத்தைப் பிரித்து ஒரு குட்டைக் குழலைத் துண்டின்மேல் வைத்தான். மில்டனின் பிறந்தநாளுக்கு அவன் வாங்கியது.

"முந்நூறு பிளாக்கவுட், மச்சான். நல்ல தடிக் குண்டு. அம்பது கெஜத்துல காட்டுப்பன்னிக்கு இதவிட வேற என்ன வேணும்? முனையில சத்தமடக்கிய மாட்டிட்டா, பக்கத்துல மேயுற பன்னி கூடத் திரும்பிப் பாக்காது."

"ஓட்ஸ் வயலப் பாத்தியா? மூலைக்கு மூலை கிண்டி வச்சிருக்குங்க," என்றான் மில்டன். "டிராக்டரே தேவயில்ல எனக்கு."

"டீசலும் மிச்சம்."

இருவரும் சிரித்தார்கள். லியோனா சிரிக்கவில்லை.

"வீட்டுல ஏற்கெனவே ஒரு இருநூத்தி இருபத்தி மூணு துப்பாக்கி இருக்கு," என்றாள். "நரி சுடுறது. அதுகூட இதயும் வைக்க நான் சம்மதிக்கல."

அவள் பயம் அந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்ததுதான். இரண்டு தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கும் அடிப்பாகம் ஒன்று. தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டும் ஒன்று, தோட்டா அடுக்கும் மேகசினும் ஒன்று. குழலை மட்டும் மாற்றினால் போதும். முந்நூறை வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தச் சௌகரியத்தைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனால் முந்நூறின் தடிக் குண்டு தவறிப்போய் மற்றதன் மெல்லிய குழலுக்குள் அழுந்திவிட்டால், விசையை இழுத்த பிறகு அது வெளியேற வழி கிடையாது. துப்பாக்கி வெடிக்கும், வெடிப்பது சுடுகிறவனின் கன்னத்தோடு ஒட்டிய இடத்தில். எல்லாருக்கும் தெரியும். தனக்கு நடக்கும் என்று ஒருவனும் நினைப்பதில்லை.

மில்டனின் இடது கண் வேலிக்கம்பி இழுக்கும்போது கம்பி அறுந்து தெறித்துப் போனது. அன்று ஆஸ்பத்திரிக்கு லியோனாதான் பிக்கப்பை ஓட்டினாள். மிச்சமிருக்கும் கண்ணை அவள் அவனுடையதாக மட்டும் நினைத்ததே இல்லை. குழலில் இப்போது முடிவாகப்போவது அந்தக் கண்தான் என்று அவளுக்குப் பட்டது.

"ஆறரை கிரெண்டெல் போடு," என்றாள். "தீவனக் கடை கவுண்டர்ல விசாரிச்சுட்டேன். அதோட தோட்டாக் கூடு பருமன். மத்த துப்பாக்கி வாயில நுழையவே நுழையாது."

"அதுக்குத் தனி போல்ட் வேணும், தனி மேகசின் வேணும்," என்றான் எல்ஜின். "தோட்டா எல்லாக் கடையிலயும் கெடைக்காது. அக்கா, மாத்திரை பாட்டில் மூடி மாதிரி துப்பாக்கி கேக்குற நீ. கொழந்தைங்க தொறக்க முடியாதபடி."

"ஆமா. ரெண்டு கொழந்தைங்க என் எதிர்ல உக்காந்திருக்கே."

மில்டன் கண்ணாடிக் கண்ணைச் சொறிந்தான். "லியோனா, உன் தம்பி ரெண்டையும்தான் வச்சிருக்கான். ஒண்ணும் ஆகலயே."

"சிவப்பு டேப்பு," என்றான் எல்ஜின். "முந்நூறு மேகசினுக்கெல்லாம் அடியில சிவப்பு டேப்பு சுத்தியிருக்கேன். டேப்பு இருந்தா முந்நூறு, இல்லேன்னா மத்தது. இதுல கொழம்ப என்ன இருக்கு? ரெண்டும் வண்டியிலதான் கெடக்கு. வாங்க, சுட்டே பாத்துரலாம். மச்சான் காதால கேக்கட்டும்."

கொட்டகைக்குப் பின்னால் மண்மேடு. அதன் முன்னால் ஒரு கருவேல அடிக்கட்டை. எல்ஜின் பிக்கப்பிலிருந்து இரண்டு துப்பாக்கிகளையும், முன்கண்ணாடிக்கடியில் கிடந்த மேகசின்களுள்ள கான்வாஸ் பையையும் எடுத்து வந்தான். வெயிலில் கிடந்த பை, அவன் கையை மாற்றி மாற்றிப் பிடித்தான். மூவரும் காதுமூடிகளை மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் முந்நூறு. மில்டன் சிவப்பு டேப் சுற்றிய மேகசினைச் சொருகிச் சுட்டான். யாரோ தலையணையை அடித்த மாதிரி ஒரு சத்தம், கட்டையிலிருந்து பட்டை தெறித்தது. அவன் முகம் மலர்ந்ததை லியோனா பார்த்தாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

அடுத்து எல்ஜினின் மெல்லிய குழல் துப்பாக்கி. எல்ஜின் பைக்குள் கைவிட்டு, டேப் இல்லாத ஒரு மேகசினை எடுத்துக் கொடுத்தான். மில்டன் சொருகினான், போல்ட்டை விட்டான். போல்ட் முன்னால் போய், முழுதாக மூடாமல் விரல்நுனி அளவு இடைவெளியில் நின்றது.

இது அடிக்கடி நடப்பது. தூசி, எண்ணெய் வறட்சி, ஏதாவது. அதற்கென்றே பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் போல்ட் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்ஜின் கையை ஓங்கிக் காட்டினான், தட்டு என்று. மில்டன் கன்னத்தைத் தோள்கட்டையிலிருந்து எடுக்காமலே கையை ஓங்கினான்.

சுடுகிறவனைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். போட்டவளே லியோனாதான். கூப்பிட்டால் காதுமூடிக்குள் கேட்காது. அவள் இரண்டே எட்டில் போய்த் தன் கையை அந்தப் பொத்தான்மேல் வைத்தாள். மில்டனின் உள்ளங்கை அவள் புறங்கைமேல் விழுந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். கோபப்பட வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். குழலை மண்மேட்டைப் பார்த்தபடியே வைத்து, மேகசினைக் கழற்றினான். பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான், வரவில்லை. மறுபடி பலமாக இழுத்தபோது தோட்டா கழன்று புல்லில் விழுந்தது.

எல்ஜின் குனிந்து எடுத்தான். தடிக் குண்டு. தன் பித்தளைக் கூட்டுக்குள்ளேயே பாதி அழுந்தியிருந்தது. இன்னும் ஒரு தட்டு வாங்கியிருந்தால் முழுசாக அழுந்தி, போல்ட் மூடியிருக்கும்.

மூவரும் காதுமூடியைக் கழற்றினார்கள். வெட்டுக்கிளிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நான் டேப்பு சுத்தினேனே," என்றான் எல்ஜின். "எல்லாத்துக்கும் சுத்தினேன்."

லியோனா மேகசினை வாங்கி அடிப்பக்கத்தைத் தடவினாள். விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆட்டு ரோமம் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பைக்குள் கைவிட்டுத் துழாவி, அடியில் சுருண்டு உருகிக் கிடந்த சிவப்பு டேப்பைப் பிய்த்தெடுத்தாள்.

"வண்டியில எத்தன நாளா கெடக்கு?"

"பை எப்பவும் அங்கதான் கெடக்கும்."

மில்டன் அடிக்கட்டைமேல் உட்கார்ந்தான். வலது கண்ணைக் கையால் மூடி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். கையை எடுத்து மேட்டைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான்.

"கை வலிக்குதா?"

"வலிக்காம? உன் கை என்ன பஞ்சா?"

"கிரெண்டெலே இருக்கட்டும்," என்றான். "தனி போல்ட்டு, தனி மேகசின். எது வேணுமோ போடு."

எல்ஜின் வாக்குவாதம் பண்ணவில்லை. அவன் இன்னும் அந்தத் தோட்டாவை வைத்துக்கொண்டு நின்றான். "நரி சுடுறதுக்கு இந்தத் துப்பாக்கியத்தான் ஜோலீன் எடுத்துட்டுப் போவா," என்றான், யாரிடமும் இல்லாமல். ஜோலீன் அவன் மகள். "நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், போல்ட்டு நின்னுச்சுன்னா ஓங்கித் தட்டுன்னு."

மூவரும் சாப்பாட்டுக்கு உள்ளே போனார்கள். புகைபோட்ட சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் மேசையில் அப்படியே கிடந்தன. தட்டுகளை ஒதுக்கிவிட்டு லியோனா காகிதம் எடுத்தாள். குழல் செய்யும் கடைக்காரர் வயசானவர். கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளாதவர், எதையும் கடுதாசியில்தான் கேட்பார். அவள் எழுதினாள்: இத்துடன் வருவது பயன்படுத்தாத முந்நூறு குழல் ஒன்று, மாற்றாக ஆறரை கிரெண்டெல் குழல் வேண்டும், அதற்குப் பொருந்தும் போல்ட்டை நீங்களே அளந்து சோதித்துச் சேர்த்து அனுப்பவும், மேகசின் அந்தத் தோட்டாவுக்கென்றே செய்ததாக இருக்கட்டும்.

"முடிச்சுட்டியா அக்கா?"

"கையெழுத்துதான் பாக்கி."

"இன்னொரு வரி சேத்துக்க." எல்ஜின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "என்னோட சுட்ட முந்நூறு குழலயும் திருப்பி எடுத்துக்குவாரான்னு கேளு. நஷ்டம்னாலும் பரவால்ல. என்னோடதும் கிரெண்டெலா இருக்கட்டும்."

மில்டன் அவனைப் பார்த்தான். "மாத்திரை பாட்டில் மூடியா, மச்சான்?"

"சும்மா இருய்யா."

லியோனா சிரிக்காமல் அந்த வரியையும் எழுதினாள். திங்கட்கிழமை காலை குழலை அட்டைப்பெட்டியில் வைத்து, கடுதாசியை உறையிலிட்டு நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டினாள். நீலம் பாரித்த புறங்கையால் அழுத்தியபோது வலித்தது. ஆனாலும் இன்னொரு முறை அழுத்தினாள். உறையைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசல் தபால்பெட்டிவரை நடந்தாள். அட்டைப்பெட்டி அதற்குள் நுழையாததால், அங்கேயே வெயிலில் நின்று, தபால்காரியின் வண்டி வந்ததும் அவள் கையிலேயே கொடுத்தாள்.