டீ போட எழுந்த இடம்

ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன் மொக்கைச்சாமிக்குப் பின்னால் சிங்கத்தை நிறுத்துவதா, சிறுத்தையை நிறுத்துவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அருள்பாண்டி போன் பண்ணினான். "மதினி, முடிஞ்சிருச்சு" என்றான். மொக்கைச்சாமியைத் தனியாக விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்று பேசினேன்.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் காசிமாயன் அண்ணன் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் நான் டிசைனர். காதணி விழா, கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகும். 'பாசத்தின் பிறப்பிடமே', 'எங்கள் குலத்தின் எழுஞாயிறே' என்று எழுதுவதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போட்டோ வந்தால் போதும். வேட்டி கட்டியிருந்தால் சிங்கம், கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் ஹெலிகாப்டர். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது, தொழில். ஆனால் நாள் முழுக்க ஊரைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போனால் எதைப் பற்றியாவது உள்ளதை உள்ளபடி சொல்ல நாக்கு அரிக்கும். அந்த அரிப்புக்குத்தான் 'சும்மா விளையாடினேன்' என்ற என் பிளாக்.

வீடியோ கேம் என்றதும் எல்லோரும் துப்பாக்கியைத்தான் நினைக்கிறார்கள். நான் விளையாடுவது வேறு ரகம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருத்தரோ இரண்டு பேரோ, மிஞ்சினால் நாலு பேரோ சேர்ந்து, பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் செய்து வெளியிடுகிற சின்ன விளையாட்டுகள். பனி கொட்டும் ஊரில் முகவரி அழிந்துபோன கடிதங்களை யாருக்கு வந்தது என்று கண்டுபிடித்துச் சேர்க்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. தப்பாகச் சேர்த்தால் யாரும் திட்ட மாட்டார்கள், மார்க்கும் குறையாது. மறுநாள் அந்த வீட்டில் விளக்கு எரியாது, அவ்வளவுதான். அந்த இருட்டு ஜன்னலைப் பார்த்து நான் அழுதேன், அழுதேன் என்றே எழுதினேன். கடலுக்கு அடியில் லிஃப்ட் ஓட்டுகிற விளையாட்டு இன்னொன்று. பார்க்க அப்படி ஓர் அழகு. ஆனால் செய்தவர் தன் ஓவியத்தில் தானே மயங்கிப்போய் லிஃப்டை நகர விடவே மாட்டேன் என்கிறார். 'ஐயா, எனக்கும் வேலை வெட்டி உண்டு' என்று எழுதினேன். குழந்தையைத் தொட்டிலில் தூங்க வைக்கிற விளையாட்டை உலகமே கொண்டாடியது. ஆட்டினால் குழந்தை தூங்கிவிடுகிறது. பிள்ளை வளர்க்காத யாரோ செய்தது என்று எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் மார்க் போடுவதில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் கடைசியில் ஒரே ஒரு வரி இருக்கும்: 'டீ போட எழுந்த இடம்'. எந்தக் கட்டத்தில் சலித்துப்போய் அடுப்படிக்கு எழுந்து போனேனோ அதைப் பெயர் சொல்லி எழுதிவிடுவேன். 'எழவில்லை' என்று இதுவரை எழுதியது அந்தக் கடித விளையாட்டுக்கு மட்டும். அதைச் செய்த பெண் எப்படியோ மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, அந்த ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தன் விளையாட்டின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் என்னைப் படிக்கிறவர்கள் உண்டு. எல்லோரும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கர்வம் என்றால் கர்வம்தான். என் சொல்லுக்கு ஒரு விலை வந்திருந்தது.

அருள்பாண்டி என் வீட்டுக்காரரின் தம்பி. கோயம்புத்தூரில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒத்தக்கடை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தனியாளாக ஒரு விளையாட்டைச் செய்தான். அதன் பெயர் 'மினிபஸ்'. முடிஞ்சிருச்சு என்று போனில் சொன்னது அதைத்தான். மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் வரைக்கும் மினிபஸ் ஓட்ட வேண்டும், ஆட்களை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். நிஜத்தில் அந்த ரூட்டில் மினிபஸ் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி. விளையாட்டில் வரும் டிரைவருக்கு அவருடைய மீசை, அவருடைய தோள் துண்டு. அண்ணன்மேல் அவனுக்கு அம்புட்டுப் பாசம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். அருள் எனக்குப் பின்னால் நின்றான். என் மாமியார் அழகம்மாள் கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தொடங்கியதுமே எனக்குப் புல்லரித்தது. மல்லிகை மூட்டைகளை மேலே ஏற்றும்போது பஸ் லேசாக அமுங்குகிறது. ஹாரன் சத்தம் நம் வீட்டு வண்டியுடையதேதான். ஒத்தக்கடையில் வலது பக்கம் திரும்பும்போது, அதுவரை ஜன்னலில் கூடவே வந்த யானைமலை மெதுவாக நகர்ந்து பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிக்குள் போகிறது. இந்த ஒரு திருப்பத்தை உலகத்தில் எவனும் செய்ததில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை செய்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

அதற்கப்புறம்தான் வினை. ஏறுகிறவர்கள் எல்லாம் டிரைவரைப் புகழ்ந்தார்கள். 'அண்ணே, உங்க பஸ்ஸுன்னாத்தான் நிம்மதி.' 'தம்பி, நீ நல்லா இருக்கணும்.' வேண்டுமென்றே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப்போய் பிரேக் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள். கை காட்டிய அம்மாவை ஏற்றாமல் போனேன். அடுத்த ட்ரிப்பில் அதே அம்மா ஏறி, 'மகராசன்' என்று வாழ்த்தினார். எனக்கு மொக்கைச்சாமி ஞாபகம் வந்துவிட்டது. எழுந்தேன்.

"என்ன மதினி?" என்றான் அருள்.

"டீ போடப் போறேன்."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்ப உட்கார்ந்திருப்பேன்.

அடுப்படிக்கு மாமியார் பின்னாலேயே வந்தார். "நல்லாத்தான இருக்கு? இந்த வாரம் வெளியிடுறான். நீ நாலு பேருக்குத் தெரியிற மாதிரி ரெண்டு வார்த்த எழுதினாத்தான் போகும்னு இருக்கான்."

"நல்லாத்தான் இருக்கு அத்த. பாதி வரைக்கும்."

"காசு குடுத்தா ஊர்ல உள்ளவனயெல்லாம் சிங்கம்னு எழுதுற. வீட்டுப் பிள்ளைக்கு எழுத மட்டும் கை வரலயாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. டீத்தூளை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சிங்கம் என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை, எழுதுகிற எனக்கும் தெரியும், எழுதச் சொன்ன மொக்கைச்சாமிக்கும் தெரியும். பிளாக்கில் எழுதுவதை ஆட்கள் நம்புகிறார்கள். அருளும் நம்புகிறான், அதனால்தான் இத்தனை நாளும் ஒரு கட்டத்தைக்கூட எனக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தான். இதையெல்லாம் மாமியாருக்கு எடுத்துச் சொல்ல அப்போது வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரும் விளையாடிப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் நெளிந்தார்.

"ஏன்டா, என்னைய ஒருத்தருமே வைய மாட்டேங்குறாக? வசவு வாங்காம நான் ஒரு ட்ரிப்புகூடப் போனதில்லயேடா."

அருள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

எழுதாமலே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். அது பொய் எழுதுவதைவிடக் கேவலமாகப் பட்டது. மறுநாள் எழுதிப் போட்டேன். பூ மூட்டைக்கு அமுங்குகிற பஸ்ஸையும் கண்ணாடிக்குள் போகிற யானைமலையையும் மனசாரச் சொன்னேன். இது என் கொழுந்தன் செய்தது, எனக்குப் பெருமை என்றும் சொன்னேன். கடைசியில் எழுதினேன்: 'இந்த டிரைவர் தப்பே செய்வதில்லை, செய்தாலும் யாரும் கேட்பதில்லை. விளையாடுகிறவருக்கே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். டீ போட எழுந்த இடம்: ஒத்தக்கடைத் திருப்பம் தாண்டி மூன்றாவது நிறுத்தம்.'

வெளியீட்டை அருள் தள்ளி வைத்தான். என்னோடு பேச்சை நிறுத்தினான். சோற்றுத் தட்டு மாடிக்குப் போனது. மாமியார் என்னிடம் பேசாமல் பாத்திரங்களிடம் பேசினார். ஒரு வரிக்காக வீட்டுப் பிள்ளையின் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ, அவன் திரும்பக் கோயம்புத்தூருக்கே போய்விடுவானோ என்று பயந்தேன். ஒருநாள் வீட்டுக்காரர்தான் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தெனமும் காலையில என் வண்டியில வாரான்டி. இஞ்சின் பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, சனம் என்னைய வையிறதயெல்லாம் போன்ல பதிஞ்சுக்கிறான். இன்னைக்கு ஒரு கெழவி வஞ்ச வசவுக்கு இவன் கும்பிடே போட்டுட்டான்."

சித்திரை பிறந்து அழகர் வருகைக்கான ஃப்ளெக்ஸ்கள் குவிந்து கிடந்த ஒரு மத்தியானம், அருள் கடைக்கு வந்தான். என்னைப் பார்க்காமல் காசிமாயன் அண்ணனிடம் போய், "அண்ணே, எட்டுக்கு ஆறு ஒண்ணு போடணும்" என்று மேட்டரை நீட்டினான். அண்ணன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, மேல உள்ளதெல்லாம் சரி. கீழ குத்தம் சொல்ற மாதிரி இருக்கே, அத எடுத்துருவமா?"

"அதுதாண்ணே மெயினு."

"போட்டோ?"

"வேணாம். சிங்கமும் வேணாம்."

மேட்டர் என் மேஜைக்கு வந்தது. பிளாக்கில் நான் எழுதிய கருத்துதான், ஒரு வரி விடாமல். அடியில் மட்டும் அவனுடைய வரி ஒன்று இருந்தது: 'மதினி, இப்போது எழுந்து பாருங்கள்.'

எனக்குக் கண் கரித்தது. குனிந்துகொண்டே தட்டச்சு செய்தேன். மதுரையில் எத்தனையோ ஆயிரம் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். தன்னைக் குறை சொன்னதைப் பெரிய எழுத்தில் அடித்து ஊருக்கு நடுவில் கட்டியவன் என் கொழுந்தன் ஒருத்தனாகத்தான் இருப்பான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கு வாய் துடித்தது. "எழுத்து செவப்புல வைக்கவா, நீலத்துலயா?" என்று கேட்டேன்.

"ஒங்க இஷ்டம் மதினி" என்றான். பேசிவிட்டான்.

ஒத்தக்கடை நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் முழுக்கப் படித்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்று தேடிவிட்டு, யாருக்கும் இல்லை என்றதும் மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். என் மாமியார் கடைக்குப் போகிற சாக்கில் போய், எழுத்துக் கூட்டிக் கூட்டி அடி வரைக்கும் படித்துவிட்டு வந்தார். வந்ததும் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படி எந்த எடத்துல எந்திரிச்ச நீ? போட்டுக் காட்டு, நானும் பாக்குறேன்."

அருள் திருத்தி வைத்திருந்த புது 'மினிபஸ்'ஸைத் திறந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மாமியார். வண்டியை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருள் உள்ளே வரவில்லை, மாடிப்படியில் அவன் கால் மட்டும் தெரிந்தது.

மாட்டுத்தாவணியில் மூட்டை ஏறியது, பஸ் அமுங்கியது. ஒத்தக்கடையில் திரும்பினேன், மலை கண்ணாடிக்குள் போனது. மூன்றாவது நிறுத்தத்தில் பிரேக் கொஞ்சம் பிந்திவிட்டது. இறங்க வேண்டிய கிழவி தடுமாறினாள். சுமையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "ஒனக்கென்னப்பா, ஒக்காந்து போற. நடக்குறவளுக்குல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு, தாண்டி வந்த தூரத்தைத் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். மலை தெரிகிற அதே கண்ணாடியில் அவள் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தாள். பின் சீட்டில் யாரோ "போலாம் ரைட்" என்றார்கள். கியரில் கை வைத்தும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.

"என்னைய வஞ்ச அதே கெழவிதான்" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது.

"யாராச்சும் போய்ப் பாருங்கடா" என்றார் மாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.