மூன்று கூட்டங்கள்

“மூணு கூட்டத்துக்கும் நோட்டீஸ் உங்க வீட்டுல வாங்கியிருக்காவக்கா. இங்கன பாருங்க,” என்று நகராட்சி எழுத்தர் ஜாய்ஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று தேதிகளுக்கு எதிரேயும் ஆறுமுகச்சாமி என்ற கையெழுத்து. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் பார்த்துவந்த கையெழுத்தைப் பொன்மணி விரலால் தொட்டுப் பார்த்தாள். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராத கவுன்சிலரின் பதவி போய்விடும் என்பது விதி. போய்விட்டது என்று வந்த கடிதம்கூட, தபால்காரர் வழியில் பார்த்துக் கொடுத்ததால்தான் அவள் கைக்குக் கிடைத்தது.

“காரணம் எழுதி மனுக் குடுங்கக்கா. மன்றத்துல வாசிப்பாவ. ஏத்துக்கிட்டா பதவி திரும்பக் கிடைக்கும்.”

வெயிலில் நடந்து வரும்போது ஒவ்வொன்றாக உறைத்தது. மாதாமாதம் கூட்டம் எப்போதென்று அவள் கணவனிடம் கேட்கத்தான் செய்தாள். “தள்ளி வச்சிருக்காவளாம்ட்டி,” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அலுவலகத்தில் கொடுத்திருந்த செல் நம்பரும் அவனுடையதுதான். அவளோ பகல் முழுக்க விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வார்டு உறுப்பினர் ஒருவர் சந்தையில் பார்த்து, “உடம்பு தேவலையாம்மா?” என்று விசாரித்தது ஏன் என்று இப்போது புரிந்தது. கடைசியாகப் போன கூட்டத்தில்தான் முதல்முறையாக எழுந்து பேசினாள். தெருவில் கழிவுநீர் போகும் வாறுகால் பாதி கட்டாமல் கிடக்க, வேலை முடிந்ததாக எப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். கட்டிய ஒப்பந்தக்காரரிடம்தான் ஆறுமுகச்சாமி மேஸ்திரியாக இருந்தான். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, “பரவால்லியே, நல்லாத்தான் கேட்டிருக்க,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

அவள் கடிதத்தை முன்னால் வைத்ததும் அவன் மறுக்கவில்லை.

“ஏட்டி, காண்ட்ராக்டரு என்னய வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னாரு. ரெண்டு மாசம் நீ சும்மா இருந்தா ஆறிப்போவும்னு நெனச்சேன்.”

“மூணாவது மாசம்?”

அடுப்படிக்குப் போய் அவனே டீ போட்டான். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை.

“உடம்புக்கு முடியலன்னு எழுது. டாக்டர் சீட்டு நான் வாங்கித் தாரேன்.”

“எனக்கு உடம்புல என்ன கொறச்சல்?”

“நாலு பேரு முன்னால வாசிப்பாவ பொன்மணி.”

ஏட்டியை விட்டுப் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. வெள்ளைத் தாளை எடுத்து, பெயர், வார்டு, வராத மூன்று தேதிகள் எல்லாம் எழுதினாள். ‘காரணம்’ என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ‘வீட்டில் தகவல் தராததால்’ என்று தொடங்கினாள். அதை அடித்தாள். இதுவரை வாயால்கூடச் சொல்லியிராத பெயரை, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக எழுதினாள்: என் கணவர் ஆறுமுகச்சாமி.

அடுத்த சொல்லுக்குப் பேனா தாளைத் தொட்டது. வாசலில் நின்றவனின் கையிலிருந்த டம்ளரில், டீ மேல் ஏடு படிந்துகொண்டிருந்தது.