விரலளவு கூடுதல்

அளவெடுக்கும் டேப்பிடம் பொய் சொல்லாத ஆளே கிடையாது என்பது டெய்லரம்மாவின் அனுபவம். டேப் இடுப்பைத் தொட்டதும் வருகிறவர்களில் பாதிப் பேர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சிலைபோல நிற்பார்கள். அதை நம்பித் தைத்தால் மூச்சு விட்டதும் பொத்தான் தெறிக்கும், பழி தைத்தவள் தலையில் விழும். அதனால் அவள் கண்டும் காணாதவள்போல டேப்புக்கு அடியில் ஒரு விரலை நுழைத்து அளவெடுப்பாள். வந்தவருக்கும் மானம் தப்பும், பொத்தானுக்கும் உயிர் தப்பும்.

இப்படிப் பொய் சொல்கிறவர்களில் பெரிய கள்ளி அவள் பெற்ற மகள்தான். பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்க வேண்டுமென்றால் முதலில் கதவைச் சாத்த வேண்டும், பிறகு திரையை இழுத்துவிட வேண்டும். அப்புறம்தான் அம்மணி வந்து நிற்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அளவு எவ்வளவு என்று கேட்கவும் மாட்டாள், சொல்லவும் விடமாட்டாள். மகளுக்கு மட்டும் டெய்லரம்மா இரண்டு விரல் நுழைப்பாள். பாவாடை இறுக்கமாகும் போதெல்லாம் அவள் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்துத் தையலைப் பிரித்து, ஓசைப்படாமல் விட்டுத் தைத்து வைப்பாள்.

அப்படியும் வினை வேறு வழியில் வந்தது. கொடுத்தனுப்பிய சாப்பாடு கொடுத்த மேனிக்குத் திரும்பி வந்தது. கேட்டால், தோழி வீட்டில் சாப்பிட்டேன் என்று ஒரு புளுகு. சாயங்காலமானால் மாடிப்படியில் தலை சுற்றும்வரை ஏறி இறங்குவாள். தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். தையல் அறைக் கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டு மூடியும் வைத்தாள். டெய்லரம்மா கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். தைத்த துணியைப் பிரிக்கத் தெரிந்தவளுக்குப் பெற்ற பிள்ளையின் மனதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளியில் பெண்களுக்கான கயிறு இழுக்கும் அணிக்கு ஆள் சேர்த்தார்கள். அணித் தலைவி ஒட்டடைக்கம்பு மாதிரி ஒரு பெண், எல்லோருக்கும் அவள் நெட்டை. அவள் வீட்டுக்கே வந்து மகளை இழுத்துக்கொண்டு போனாள். கயிற்றின் கடைசியில் நிற்க ஆள் வேண்டுமாம். கனமானவள் என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்று மகள் மூக்கால் அழுதுகொண்டே போனாள். ஆனால் அவள் குதிகாலை ஊன்றிச் சாய்ந்ததும் எதிரணி இழுத்த கயிறு அசையாமல் நின்றுவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் முகமே வேறாக இருந்தது.

இருந்தாலும் பட்டினியை அவள் விடவில்லை. ஒருநாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பயிற்சிக்குப் போனாள். கால் துவண்டது, கயிறு கையை விட்டுப் போனது, அணி மொத்தமும் சேற்றில் குப்புற விழுந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சேறு காயாத உடம்போடு சமையலறையில் வந்து உட்கார்ந்து, தட்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"அம்மா, பசிக்குது. நிறையப் போடு."

டெய்லரம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முகத்தைக் காட்ட முடியவில்லை.

அதன்பிறகு சாப்பாட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. மாடிப்படி ஓட்டம் நிற்கவில்லை, ஆனால் இப்போது இளைப்பதற்காக ஓடவில்லை, கால் உரம் பெற ஓடினாள். கண்ணாடிமேல் கிடந்த துணி எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

இறுதிப் போட்டி வந்தது. அணிக்கு ஜெர்சி தைக்கும் பொறுப்பை டெய்லரம்மா தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேலை போட்டியன்று காலையில்தான் முடிந்தது, போட்டுப் பார்க்க நேரமில்லை. மூட்டையை அப்படியே மைதானத்துக்குத் தூக்கிப் போனாள். எல்லோருக்கும் அளந்து வைத்தாற்போல இருந்தது, மகளுக்கு மட்டும் தொளதொளவென்று தொங்கியது. கடைசி ஆளுக்குக் கயிறு அக்குளுக்கு அடியில் புகுந்து முதுகைச் சுற்றி வரும். தொங்குகிற துணி கயிற்றோடு சுருண்டால் பிடி வழுக்கும். போட்டியே போய்விடும்.

இத்தனை வருஷம் தைத்தும் பெற்ற மகளுக்கா அளவு தவறும் என்று டெய்லரம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் மூச்சைப் பிடிக்கலம்மா."

டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெர்சிக்கு அளவெடுத்தபோது பிள்ளை உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள், தாய்தான் பழக்கதோஷத்தில் பொய்க்கு இடம் விட்டிருக்கிறாள். பையிலிருந்து டேப்பையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சரிசெய்யலாம் வா என்றாள்.

"வேணாம், இங்கயே அளந்துக்கோ."

சுற்றிலும் கூட்டம். மகள் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள். டேப் இடுப்பைச் சுற்றியது, விரல் தானாக உள்ளே நுழைந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"விரலை எடும்மா. எவ்வளவுன்னு சத்தமாவே சொல்லு."

டெய்லரம்மா சொன்னாள். முதலில் குரல் எழும்பவில்லை, இரண்டாவது தடவை சரியாக வந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நெட்டை மட்டும், "அடிப்பாவி, அதான் எங்க எல்லாரையும் தாங்குற" என்றாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஊசியில் நூல் கோக்க டெய்லரம்மாவுக்கு வெகுநேரம் பிடித்தது. கண் கலங்கியிருந்தால் ஊசியின் காது தெரியாது. ஜெர்சியைப் போட்டபடி நின்ற மகளுக்கு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, மிஞ்சிய துணியை வெட்டக் கத்தரியை எடுத்தாள்.

"வெட்டிடாதம்மா. உள்ளயே மடிச்சுத் தை. நான் இன்னும் வளருவேன்ல."

கத்தரி பைக்குள் போயிற்று. விசில் ஊதியபோது டெய்லரம்மா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்து நிறுத்தி, கயிற்றின் கடைசியில் நிற்பவள் தன் மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.