அசனக் குழம்பும் மூன்றாவது கியரும்

“எங்கிட்ட ஒரு காரு இருக்கு. ரொம்ப சத்தம் போடும். அதையும் இப்பமே சொல்லிருதேன்.”

“எவ்வளவு சத்தம்?”

“உள்ள உக்காந்து சாதாரணமாப் பேச முடியாது. கத்தணும்.”

“எங்க வீட்டுல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம்.”

பெண் பார்க்க வந்த அன்று ஹெப்ரானும் ஜெமிமாவும் தனியாகப் பேசியதில் முக்கால்வாசி இதுதான். சேரன்மகாதேவியில் ஜெமிமாவின் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்டிருந்த வடகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்கள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கார் பேச்சு வந்ததும்தான் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி நீட்டிக் காட்டினான்.

“சாதாரண கியர்பாக்ஸ்ல ரெண்டு சக்கரமும் ஒண்ணு வேகத்துக்கு ஒண்ணு ஒத்துப்போயி, அப்புறமாத்தான் கைகோக்கும். அதுக்குன்னே உள்ள ஒரு வளையம் இருக்கு. இது ரேஸ் காருல மாட்டுத பெட்டி. இதுல அந்த வளையமே கிடையாது. டக்குன்னு ஒரே அடியாப் போடணும்.”

“பையப் போட்டா?”

“பல்லு போயிரும்.”

பெண்ணிடம் முதன்முதலாகப் பேசும்போது பல் போவதைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. “நீங்க எதும் கேக்கணுமா?” என்றான். ஜெமிமாவுக்கு ஒன்று கேட்க இருந்தது. நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் அம்மா அச்சுமுறுக்குத் தட்டுடன் மாடிப்படி ஏறி வர, “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டாள்.

சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. கேட்க நினைத்தது அப்படியே உள்ளே இருக்கிறது. அந்தக் காரை ஒரு தடவை அவள் ஓட்ட வேண்டும்.

பார்ப்பதற்கு அது ஒரு பழைய வெள்ளைக் கார், அவ்வளவுதான். ஆனால் எஞ்சினும் பெட்டியும் ஹெப்ரான் கையால் உருமாறியவை. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் அவனுடைய பட்டறை. ஊரில் உள்ள வேன், லாரி, ஆட்டோ எல்லாவற்றின் கியர்பாக்ஸும் அங்கே குடல் சரிந்து கிடக்கும். கோயம்புத்தூரில் பந்தயக் கார் ஒன்றிலிருந்து உடைத்துப் போட்ட பெட்டியை வாங்கி வந்து, இரண்டு வருஷம் உட்கார்ந்து சரிசெய்து தன் காரில் மாட்டினான். ஓடும்போது மாவு மில்லுக்குள் நிற்பது போல ஓயாத ஒரு ரீங்காரம். முருகன்குறிச்சி சிக்னலில் பைக்கில் போகிறவர்கள் பக்கத்தில் வந்து, “அண்ணாச்சி, வண்டிக்குள்ள என்னமோ கத்துது, பாத்துக்கிடுங்க” என்று அக்கறையாகச் சொல்வார்கள். ஹெப்ரான் ஒவ்வொரு தடவையும், “சரி அண்ணாச்சி, பாக்குதேன்” என்று நன்றியோடு தலையாட்டுவான். இந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் நாயின் பெயர் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அவன் அம்மா சாலோமி அதை ‘நாய்ப்பெட்டி’ என்றே சொல்லிவந்தாள். “நாய்ப்பெட்டி இன்னைக்குக் குலைக்கலியே, சோலி எதும் இல்லையாலே?” என்பாள்.

அப்படி ஆசையிருந்தால் கேட்டுவிட வேண்டியதுதானே என்றால், கேட்காததற்குக் காரணம் கண்ணன்.

கண்ணன் ஹெப்ரானின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பதினைந்து வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு, “கியரப் பையப் போடுங்க, வெண்ணெயில கத்தி இறங்குத மாதிரி” என்று சொல்லிக்கொடுத்தவன். கல்யாணமான மறுவருஷம் ஒருநாள், “ஏலே, ஒரு ரவுண்டு தா” என்று சாவியை வாங்கிக்கொண்டு ஹைகிரவுண்டு வரைக்கும் போனான். வெண்ணெயில் கத்தியை இறக்கினான். திரும்பி வரும்போது பெட்டிக்குள் கல் அரைபடுகிற சத்தம். ஹெப்ரான் ஒரு வார்த்தை திட்டவில்லை. “பரவால்லலே” என்றான். அதன்பிறகு ஒன்பது நாள் அவன் சாப்பிட்டதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியில்லை. ஜெமிமாதான் கூட உட்கார்ந்து சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவினாள். நல்ல பல்லின் ஓரம் அரிவாள்மணை போல விரலில் படும். கெட்டது சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். அதைக் கட்டைவிரலால் தடவித் தடவியே அவளுக்கு அந்தப் பெட்டியின் உள்ளும் புறமும் தெரிந்துபோயிற்று.

அவன் மறுத்துவிடுவான் என்று அவள் பயப்படவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்லுவான். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கியருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவான். அப்படி ஒரு ‘சரி’ அவளுக்கு வேண்டாம். அதனால் கேட்காமல் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் விடை வரும்வரை போட்டுப் பார்க்கிற பழக்கம். பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். ரீங்காரம் ஏறும், ஏறும், ஆக்ஸிலேட்டரிலிருந்து அவன் கால் ஒரு மயிரிழை எழும்பும், சுருதி சற்று தொய்யும், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ‘டக்’. அவள் கால் கட்டைவிரலும் அதே நேரத்தில் செருப்புக்குள் எழும்பும். வீட்டில் வலது கையால் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, இடது கையால் கரண்டி இழுப்பறையை ஒரே தள்ளில் மூடுவாள். “எதுக்குட்டி அத இந்த அடி அடிக்க?” என்று சாலோமி கேட்பாள். “இறுகிக் கிடக்கு அத்தை” என்பாள். இழுப்பறை எண்ணெய் போட்டது மாதிரி ஓடும். காரோட்டவும் அவளுக்குத் தெரியாததல்ல. கல்லூரி விடுமுறையில் அப்பாவின் காரைப் பத்தமடை வரைக்கும் தனியாக ஓட்டிப் போய் வந்தவள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரலுக்குப் பக்கத்தில் சாலோமியின் பிறந்த ஊர் வேதக்கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது; பஸ் படி ஏற முட்டு ஒத்துழைக்காது. மூன்று பேரும் நாய்ப்பெட்டியிலேயே போனார்கள். ஆராதனை முடிந்து பந்தலில் அசனம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும், மிச்சக் குழம்பை வீட்டுக்கு வாங்கிப்போகப் பாத்திரங்களுடன் கூட்டம் முண்டியது. சாலோமியும் கொண்டுவந்திருந்த தூக்குவாளியை நீட்டினாள். வாளி விளிம்பு தட்ட ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. மூடிதான் வரவில்லை. யாருடைய வாளியிலோ ஏறிப் போய்விட்டது. அவள் கையில் சிக்கிய வேறொரு மூடி இரண்டு விரல் சிறியது. கடைசியில் வாழையிலையைக் கவிழ்த்து, சணலால் கட்டி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

“ஏலே, பைய போ. அசனக் குழம்பு. ஒரு சொட்டு கீழ சிந்தக் கூடாது பாத்துக்கோ.”

“சரிம்மா.”

தலைமையாசிரியையின் மகன் அம்மா சொன்னதைக் கேட்டான். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போயிற்று. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு, வழக்கமான அடி இல்லாமல், தூங்குகிற பிள்ளையின் மேல் போர்வையை இழுத்துவிடுவது போலப் போட்டான். பெட்டிக்குள் ‘கிர்ர்க்’ என்றது. ஜெமிமா கண்ணைத் திறந்தாள். மூன்றாவதுக்கு இன்னும் மெதுவாகப் போட்டான். மறுபடியும் ‘கிர்ர்க்’.

“இப்பம் கொள்ளாம்” என்றாள் சாலோமி பின்னாலிருந்து. “இப்படி ஓட்டுனா நான் எதுக்குக் குறை சொல்லுதேன்?”

ஆழ்வார்திருநகரி தாண்டினார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும், குறுக்கே வரும் ஒவ்வொரு ஆட்டுக்கும் வேகம் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏற வேண்டியிருந்தது. ஜெமிமா மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் நுனியில் அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக மழுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அடிச்சுப் போடுங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் அத்தைக்கு எதிராகப் பேசியது மாதிரி ஆகும். அதைவிட, இவ்வளவு நாள் பேசாமல் வந்தவள் திடீரென்று கியர் விஷயத்தில் வாய்திறப்பது அவளுக்கே விநோதமாக இருந்தது. கருங்குளத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் ஓரம், ஏழாவது தடவையாக மூன்றாவதுக்குப் போட்டான். போட்டுக் கையை எடுத்ததுமே கியர் தடி தானாகவே எகிறிக் குதித்து வெளியே வந்துவிட்டது. எஞ்சின் ஆளில்லாத மேடையில் அலறுவது போல ஒருமுறை அலறியது. இரண்டாம் முறையும் போட்டான். மறுபடி வெளியே வந்தது.

ஹெப்ரான் காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைத்ததும் வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

“மூணு நிக்க மாட்டேங்கு” என்றான். “போச்சு.”

“என்னலே போச்சு?” என்றாள் சாலோமி.

“பல்லு மழுங்கிட்டு போலும்மா. நாளைக்கே கழட்டிருதேன். பட்டறையில சாதாரணப் பெட்டி ஒண்ணு கிடக்கு, அத மாட்டிருவோம்.”

“நான் கழட்டவா சொன்னேன்? பையப் போகத்தானலே சொன்னேன்.”

“இதுல பையப் போக முடியாதும்மா. அதத்தான் சொல்லுதேன், இது ரோட்டுக்கு ஆனது இல்ல. நான்தான் பிடிவாதமா வச்சிருந்தேன்.” குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜெமிமாவுக்கு என்னவோ செய்தது. கண்ணனிடம் ‘பரவால்லலே’ என்று சொன்ன அதே குரல். “உனக்கு மட்டுமா கஷ்டம்? ஜெமியப் பாரு. நாலு வருசமா இதுல வாயத் தொறக்காம வருதா. சத்தம் தாங்காமக் கண்ண மூடிக்கிட்டுல்லா வருதா. நான் பாக்காமலா இருக்கேன்? பாவம், அவளும் எவ்வளவுதான் பொறுத்துக்கிடுவா?”

ஜெமிமா அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு வருஷம் இந்த சீட்டில் உட்கார்ந்து அவள் அனுபவித்ததையெல்லாம் இந்த மனுஷன் பொறுமை என்று நினைத்திருக்கிறான். அவனை வருத்தக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டான். போட்ட கணக்கெல்லாம் சரி. விடை மட்டும் நேர்மாறு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னத்துக்குச் சிரிக்க?” என்றான் ஹெப்ரான்.

“நான் தாங்காம ஒண்ணும் கண்ண மூடல. மூடுனாத்தான் நல்லாக் கேக்கும்.”

“எது?”

“நீங்க கால எடுக்குதது.” தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. “ஏரல்ல இருந்து மூணாவதுக்கு ஏழு தடவ போட்டீங்க. ஏழும் பையப் போட்டது. எட்டாவதும் அப்படித்தான். பல்லு இன்னும் முழுசாப் போகல. பாதி உள்ள போனதும் பயந்து கைய விட்டுருதீங்க, அதான் வெளிய குதிக்கு. அடிச்சுப் போட்டா நிக்கும். அத்தை, ஒழுங்கா அடிச்சுப் போட்டா இந்தளவுகூடக் குலுங்காது. அரைபடும்போதுதான் குலுங்கும்.”

ஹெப்ரானின் பார்வை அவள் முகத்திலிருந்து அவள் இடது கைக்கு இறங்கியது. மடியில் கிடந்த அந்தக் கையின் கட்டைவிரல், தன்னையறியாமல், இல்லாத ஒரு பல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“இழுப்பறை” என்றாள் சாலோமி திடீரென்று. “ஏட்டி! அந்த இழுப்பறைய நீ அடிக்கது இதுக்குத்தானா?”

ஜெமிமா சீட்டு பெல்ட்டைக் கழற்றினாள். வாழைத்தோட்டத்துக்குள்ளிருந்து காற்று வந்தது. வாளியின் மேல் கட்டிய இலை லேசாகப் படபடத்தது. இப்போது அச்சுமுறுக்குத் தட்டுடன் யாரும் ஏறி வரவில்லை.

“அன்னைக்கு மொட்டை மாடியில, எதும் கேக்கணுமான்னு கேட்டீங்கல்லா?” என்றாள்.

“ஆமா. ஒண்ணுமில்லன்னு சொன்ன.”

“ஒண்ணு இருந்துது. எந்திரிச்சு இங்கன வந்து உக்காருங்க. வீட்டு வரைக்கும் நான் ஓட்டணும்.”

ஹெப்ரானின் கை இன்னும் கியர் தடியின் மேலேயே இருந்தது. பின்சீட்டில் சாலோமி வாளியை மடியிலிருந்து இறக்கி, இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து இடுக்கிக்கொண்டு, சணலை இன்னொரு சுற்று சுற்றத் தொடங்கினாள்.