கடைசி வரிக்கு ஒரு என்டர்

ரூசே ஊரில் செத்தவர்களை மறக்க யாராலும் முடியாது. குன்சோவின் அச்சகம் விடாது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதல் வருஷம் என்று கணக்காகக் கறுப்புக் கட்டம் கட்டி, படம் போட்டு நினைவுத்தாள் அடித்துவிடும். வீட்டார் கதவிலும் கம்பத்திலும் ஒட்டிக்கொள்வார்கள். இன்றைக்கு யார் முறை என்று பார்த்து அச்சுக்கு அனுப்புவது ஸ்கிரிப்ட் என்ற குட்டிக் கணினி நிரல். தினமும் காலை ஒன்பதுக்கு அதைத் தட்டி எழுப்புவது சர்வரில் இருக்கும் கிரான் என்ற காவல்காரன்.

இன்று காவல்காரன் எழுப்பவில்லை.

அச்சகத்துக்குப் புதிதாக வந்த கணினிக்காரி ரலிட்சா, ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தாள். ஐந்து தாளும் சமர்த்தாக வந்து விழுந்தன. கிரானிடம் விட்டால் மூச்சில்லை. வீட்டில் பாடிவிட்டு, விருந்தாளி வந்ததும் வாயை மூடிக்கொள்ளும் குழந்தை மாதிரி.

"தாள்தான் வந்துடுச்சே அண்ணே, குடுத்துடலாமே," என்றாள்.

"கையால ஓட்ட யாரா இருந்தாலும் போதும், நீ எதுக்கு?" என்றார் குன்சோ. "பன்னெண்டுக்கு நெவெனா வர்றா, புருஷனோட நாப்பதாம் நாள் தாளுக்கு. உன் நாப்பது நாள் சோதனையும் இன்னியோட முடியுதும்மா. அதுக்குள்ள தானா ஓடலேன்னா சாவியை ஆணியில மாட்டிட்டுக் கிளம்பு."

நெவெனாவின் புருஷன் சப்ரியான். பத்தொன்பது வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதிலேயே செத்தவர். மறுநாள் ரலிட்சா அதில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக அவர் கணக்கை சர்வரிலிருந்து அழித்தாள்.

"சப்ரியானும் லேசுப்பட்டவன் இல்ல," குன்சோ தொடர்ந்தார். "கிரானோட வேலைப் பட்டியல் இருக்கிற கோப்பைத் தொட்டான்னா மறுநாள் ஓடாது. கடைசி வரிக்கு அப்புறம் என்டர் தட்ட மறந்துடுவான். என்டர் தட்டாத வரியை கிரான் மதிக்காதாம். திமிர் பிடிச்சது."

அனுமதி, பாதை, கடிகாரம் எல்லாவற்றையும் அவள் பார்த்தாயிற்று. யாரும் தொடாத கோப்பில் என்ன கெட்டிருக்கும்? அதையும் திறந்தாள்.

ஒரே வரி. நேற்றுவரை 'அச்சகம்' என்ற பெயரில் ஓடிய வேலை, இப்போது 'ரலிட்சா' என்ற பெயரில் இருந்தது. வரியின் முடிவில் என்டர் இல்லை.

பதிவேட்டைப் பார்த்தாள். மாற்றிய நேரம்: இன்று 8.52. மாற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 1001 என்ற எண். அழித்துவிட்ட ஆளின் பெயர் சர்வருக்குத் தெரியாது. எண் மட்டும் சொல்லும்.

"அண்ணே, காலையில கடையை எப்ப திறந்தீங்க?"

"ஒம்பதுக்கு. ஏன்?"

"சர்வரைத் தொட்டீங்களா?"

"நானா? காப்பி மெஷினைத் தொடவே எனக்கு பயம்."

மணி 11.48. நெவெனா நாற்பதாம் நாள் படையலுக்கு அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். நாற்பது நாள் வரைதான் உயிர் பழகின இடத்தைச் சுற்றும், அப்புறம் போய்விடும் என்பார்கள். போகிறவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவதும் முறைதானே.

ரலிட்சா அந்த வரியில் இருந்த ஒன்பது மணியை 11.50 என்று மாற்றினாள். தன் பெயரை எடுத்துவிட்டுப் பழையபடி 'அச்சகம்' என்றே போடலாமா என்று ஒரு கணம் விரல் நின்றது. சாவி ஆணி கண்ணில் பட்டது. என்டர் தட்டினாள்.

இரண்டு நிமிஷம் கழித்து, யாரும் தொடாமல் பிரிண்டர் கனைத்தது. முதல் தாளில் சப்ரியான் சிரித்தார்.

"ஓடுதே!" குன்சோ கைதட்டினார். "வேலை நிரந்தரம்மா உனக்கு."

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. ரலிட்சா அசையவே இல்லை.