சித்தி தொட்டால் ஊசி

நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே சங்கதி சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு செருப்பு மிதியடியில் விழுந்தது. மற்றது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"வாங்க அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாரே."

"சொல்லிட்டு வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா?" நாத்தனார் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "டேய் தம்பி, எங்கடா என் மருமக?"

தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். எவ்வளவு நெரிசலிலும் அத்தனை நீள வண்டியை நூல் பிடித்தாற்போல் கொண்டுபோகிற மனிதர். அக்காவின் முன்னால் மட்டும் இன்ஜின் அணைந்துவிடும்.

"உள்ள படம் வரைஞ்சிட்டிருக்கா அக்கா. என்ன திடீர்னு?"

"என்ன திடீர்னா? நேத்து போன்ல உன் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? 'அத்தை, சித்தி என்னைத் தொட்டா ஊசி குத்துது'ன்னு சொன்னா. எனக்கு ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல."

சமையலறை வாசலில் நின்றிருந்தவளுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது.

சித்தி என்ற சொல்லுக்கு ஊரில் என்ன பெயர் என்று தெரிந்துதான் அவள் இந்த வீட்டுக்குள் காலடி வைத்தாள். தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாகப் போகிறாயா, கத்தி மேல் நடக்கப் போகிறாய் என்று அவளுடைய அம்மாகூட எச்சரித்தாள். ஆனால் முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. தெருவைக் கடக்கும்போது குழந்தை தானாக வந்து அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. அன்றைக்கு அவள் வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தாள்.

குளிர் ஆரம்பித்தது. பிடித்த விரல் விட்டுப்போயிற்று. கூப்பிட்டால் கைக்கெட்டாத தூரத்தில் நின்றது குழந்தை. தலை வாரப் போனால் காதைப் பொத்திக்கொண்டது. என்ன தப்பு செய்தோம் என்று அவள் தினமும் மனதைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"சுண்டு! இங்க வாடா தங்கம்!" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

சுண்டெலி என்பதன் சுருக்கம்தான் சுண்டு. ஆறு வயது. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று அப்பா வைத்த பெயர். வந்து அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"பயப்படாம சொல்லு. சித்தி எங்க குத்தினாங்க?"

சுண்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு விரல் நுனியைக் காட்டியது. காது மடலைக் காட்டியது. நன்றாக யோசித்துவிட்டு மூக்கையும் காட்டியது.

நாத்தனார் குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரல் விரலாகப் புரட்டினாள்.

"ஒரு தடமும் இல்லையே அக்கா" என்றார் தம்பி மெதுவாக.

"எப்படிடா இருக்கும்? உன் பொண்டாட்டி வேலை என்ன? ஓட்டை விழுந்த துணியில ஓட்டையே இல்லாத மாதிரி தைக்கிற கை! தடம் தெரியாம குத்தறதா கஷ்டம்?"

வேலை அதுதான். கம்பளி ஆலையில் நெய்து வரும் துணியை வெளிச்சப் பலகை மேல் விரித்து, இழை அறுந்த இடங்களைத் தேடி, ஊசியால் இழை சேர்ப்பாள். சேர்த்த இடத்தை மேற்பார்வையாளரே தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இதுவரை அவளுக்குப் பெருமையாக இருந்த விஷயம், இப்போது அவளுக்கே எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

"ஆலை ஊசியை வெளிய கொண்டுவரவே விடமாட்டாங்க அண்ணி. கிளம்பும்போது வாங்கிப் பூட்டிடுவாங்க. இந்த வீட்ல பட்டன் தைக்கிற ஊசி ஒண்ணுதான் இருக்கு. அதுவும் அலமாரி உச்சியில."

"நீ ஆயிரம் சொல்லு. பெத்தவ இல்லாத பிள்ளை பொய் சொல்லாது. சாயங்கால பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்ல என் பிள்ளைங்களோட பிள்ளையா வளரட்டும். நீ என்னடா சொல்ற?"

தம்பி தரையைப் பார்த்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "குழந்தை இஷ்டம்" என்றார் கடைசியில். அந்த இரண்டு வார்த்தை அவளை நாத்தனார் பேசிய எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

என்ன ஆனாலும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம். எவர்சில்வர் டம்ளரில் பாலை ஆற்றினாள். ஹீட்டர் மேல் போட்டிருந்த கம்பளிச் சால்வையை, சூடாக இருக்கும்போதே எடுத்துப் போர்த்திக்கொண்டாள். குழந்தையிடம் போகும்போதெல்லாம் அவள் போர்த்துகிற சால்வை அது. சமையலறையிலிருந்து கூடத்துக் கம்பளத்தைக் கடந்து வந்து டம்ளரை நீட்டினாள்.

"அங்க வைங்க. நான் எடுத்துக்கறேன்" என்றது சுண்டு.

"பாத்தியாடா? கையால வாங்கக்கூட பயம்!" நாத்தனார் குழந்தையின் முதுகைத் தடவினாள். "அத்தை இருக்கேன்ல. சும்மா வாங்கு கண்ணு, என்ன பண்றாங்கன்னு பாக்கறேன்."

சுண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு விரலை நீட்டியது. விரல் டம்ளரை நெருங்கியது.

டிக்.

குழந்தை வீறிட்டது. பால் நாத்தனாரின் மடியில் கொட்டியது. ஆனால் சித்திக்கு அந்த 'டிக்' மட்டும்தான் கேட்டது. நாள் முழுக்க ஆலையில் கேட்கிற சத்தம்!

"பூச்சி!" என்று கத்திவிட்டு, அவளையறியாமல் சிரித்தும்விட்டாள்.

"குழந்தை அலறுது, இவ சிரிக்கிறாடா!"

"இல்லண்ணி, இது பூச்சி! கம்பளியில ஏறுற கரண்ட். குளிர் நாள்ல காத்துல ஈரம் இருக்காது. துணியோட துணி உரசினா ஏறிக்கும், யாரையாவது தொட்டா இறங்கும். ஆலையில அதுக்குப் பூச்சின்னுதான் பேரு. எங்களையெல்லாம் கடிச்சுக் கடிச்சு விரலே மரத்துப்போச்சு. அதான் எனக்கு உறைக்கவே இல்ல. குழந்தை விரல் பிஞ்சு விரலாச்சே!"

"கரண்ட்டா? உன் உடம்புலயா? அப்ப ஒரு பல்பு மாட்டிக்கோ, வீட்டுக்கு மின்சாரச் செலவு மிச்சம்."

"சத்தியமா அண்ணி. இப்பவே காட்டறேன். ஆலையில துணியைத் தொடறதுக்கு முன்னால இரும்புக் கம்பியைத் தொடுவோம். பூச்சி அதுல இறங்கிடும். அப்புறம் கடிக்காது."

ஓடிப்போய்ச் சமையலறைக் குழாயைத் தொட்டாள். வந்த வேகத்திலேயே கூடத்துக்குத் திரும்பி, "சுண்டு, ஒரே ஒரு தடவை. சித்தியை நம்பு" என்று கை நீட்டினாள்.

சுண்டு நம்பியது. விரலை நீட்டியது.

டிக்.

இந்தத் தடவை குழந்தை அழவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அழுதிருந்தால் தேவலை.

"போதும்மா உன் வித்தை" என்று நாத்தனார் எழுந்தாள். "டேய், பையை எடு."

சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள். எங்கே பிசகிற்று? ஆலையில் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தரை எப்போதும் ஈரச் சிமென்ட். இங்கே குழாய்க்கும் குழந்தைக்கும் நடுவில்...

குனிந்து பார்த்தாள். கம்பளம். குழந்தையின் கால் சில்லிடக் கூடாதென்று அவளே ஆசையாக வாங்கிப் போட்ட கம்பளம். அதன் மேல் அவளுடைய ரப்பர் செருப்பு. தூங்குகிற குழந்தை காலடிச் சத்தத்தில் விழிக்கக் கூடாதென்று தேடிப் பிடித்தது. தோளில் சால்வை. கம்பளி கன்னத்தில் உறுத்தக் கூடாதென்று உட்பக்கம் வழவழவென்று நைலான் வைத்துத் தைத்திருந்தாள். மென்மையாக்கும் திரவத்தின் வாசனைக்குச் சுண்டு தும்மியதால் அலசும்போது அதை ஊற்றுவதையும் விட்டுவிட்டாள். சூடாக இருக்கட்டும் என்று ஹீட்டர் மேல் போட்டு மொறுமொறுவென்று காயவைத்தாள். குழாயில் இறக்கிவிட்டு வந்த பூச்சியை, நாலு எட்டு நடப்பதற்குள் மறுபடியும் மேலே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாசம் பாசமென்று பார்த்துப் பார்த்துச் செய்தது அத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பிஞ்சு விரலைக் கடித்திருக்கிறது. இதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு தடவை காட்டுகிறேன் என்று காட்டித் தோற்றாயிற்று.

பை தயாராகிவிட்டது. வெளியே குளிர்காற்று ஜன்னலைத் தட்டியது. சுண்டுவின் மேல் கோட்டு அன்று காலைதான் துவைத்தது, இன்னும் கைப்பக்கம் ஈரம்.

"இதைப் போத்திக்கிட்டுப் போகட்டும் அண்ணி" என்று அவள் சால்வையைக் கழற்றினாள். குழந்தையைத் தொடாமல் நாற்காலி முதுகில் போட்டாள். "உள்ள துணி வெச்சிருக்கேன், உறுத்தாது. வண்டியில ஜன்னல் ஓரம் உக்கார வெக்காதீங்க. சளி பிடிச்சா அவளுக்கு லேசுல விடாது."

தம்பி சட்டென்று நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நாளும் கிடையாது, ஒண்ணரை நாளும் கிடையாது. வா சுண்டு!"

சால்வை பெரியவர்கள் அளவு. சுண்டு அதைத் தலையோடு போர்த்திக்கொண்டபோது கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. நுனி காலில் சிக்கியதால் கம்பளிக் காலுறைக் கால்களைத் தரையில் இழுத்து இழுத்து, கூடத்துக் கம்பளத்தை நீளவாக்கில் முழுசாகக் கடந்து வாசலுக்கு வந்தது. கையை நீட்டி அத்தையின் கையைப் பிடிக்கப் போனது.

டிக்!

"ஐயோ!" நாத்தனார் துள்ளிப் பின்னால் போய், மாட்டியிருந்த குடைகளின் மேல் விழுந்தாள். "குத்திட்டா! குத்திட்டாடா!"



சுண்டு தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "என்கிட்ட ஊசி இல்ல அத்தை" என்றது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, சித்தியை ஏறிட்டுப் பார்த்தது. "உங்ககிட்டயும் இல்லையா?"

"இல்லடா" என்றாள் அவள்.

"அக்கா, பல்பு மாட்டலாமா?" என்றார் தம்பி. அக்காவின் முன்னால் அந்த மனிதர் செய்த முதல் கிண்டல் அதுதான்.

நாத்தனார் குடைகளிலிருந்து எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

"சரி, பஸ் எங்கயும் ஓடிப்போகாது, நாளைக்கும் வரும். இந்தப் பூச்சியை எப்படி ஒழிக்கிறது? அதைச் சொல்லு முதல்ல."

அதற்கப்புறம் வீடே ஆலையாகிவிட்டது. தம்பி கம்பளத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்தினார். ரப்பர் செருப்பு பரணுக்குப் போயிற்று. ஈரத் துண்டு ஒன்று ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. காற்று காய்ந்துபோகாமல் இருக்க அது போதும். அலமாரி உச்சியிலிருந்த ஒரே ஊசி இறங்கி வந்து, சால்வையின் நைலானைப் பிரித்தது. அதன் இடத்தில் பழைய பருத்தித் துணி ஏறியது. தையலை நாத்தனார்தான் பிடித்துக் கொடுத்தாள். நடுநடுவே, "தையல் கோணலா இருக்கே, இதுக்கா ஆலையில உன்னை வெச்சிருக்காங்க?" என்று ஒரு போடு.

"நீங்க துணியை நேரா பிடிச்சா அது நேரா வரும் அண்ணி."

"அடேங்கப்பா, வாயைப் பாரு!" என்றாள் நாத்தனார். கோபம் மட்டும் வரவில்லை.

வாசனையில்லாத திரவம் கடையில் கிடைக்கும், இனி அதில் அலசிக்கொள்ளலாம், வெயிலில்லாவிட்டாலும் நிழலில் காயப்போடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஓரத்துல உள்பக்கமா இரும்பு ஊக்கு ஒண்ணு மாட்டினாலும் கொஞ்சம் குறையும்னு ஆலையில சொல்வாங்க."

நாத்தனார் தன் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

சுண்டு தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை வைத்துக்கொண்டு பூச்சி வேட்டையில் இறங்கியது. சால்வைக்கு ஒன்று, திரைச்சீலைக்கு ஒன்று, அப்பாவின் முகத்துக்கு நாலு. ஆனால் சித்தியின் பக்கம் வரவில்லை. பிள்ளை மனசில் இத்தனை நாள் ஊறிய பயம், கம்பளத்தைச் சுருட்டுகிற மாதிரி ஒரே சுருட்டில் போகுமா? அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூட அவசரம். நாத்தனார் சுண்டு இல்லாமல் தனியாகவே பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றிருந்தாள். சித்தி வேலைக்குப் புறப்பட்டுத் தடிமனான ஆலைக் கோட்டையும் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய், பழக்கதோஷத்தில், மேஜை மேல் வைக்கப் போனாள்.

"கைல குடுங்க" என்றது சுண்டு.

அவள் டம்ளரை நீட்டினாள். ஆலைக் கோட்டைப் போட்டபின் குழாயைத் தொட்டோமா என்று நினைவு வருவதற்குள் குழந்தை கையை நீட்டிவிட்டது.

டிக். சின்னதுதான்.

அவள் பதறி டம்ளரைப் பின்னால் இழுத்தாள். வரவில்லை. மறுமுனையில் இரண்டு சின்னக் கைகள் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"பூச்சி சித்தி, வேற ஒண்ணுமில்ல" என்றது சுண்டு, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். பாலைக் குடித்து முடித்து, உதட்டை அவளுடைய கோட்டுக் கையிலேயே துடைத்துக்கொண்டது.

"அந்தக் கோட்டுக்கும் உள்ள பருத்தித் துணி வெக்கணும். அடுத்த தடவை வரும்போது நானே துணி கொண்டு வர்றேன்" என்றாள் நாத்தனார், செருப்பை இந்தத் தடவை ஜோடியாகத் தேடிப் போட்டபடி.

தெருமுனை வரை மூன்று பேரும் சேர்ந்து நடந்தார்கள். சாலையைக் கடக்கிற இடத்தில், யாரும் சொல்லாமலே, சுண்டு சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.