புல்வெளியில் கருகிய வட்டங்கள்

எரிந்த இடத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான் தீயணைப்புத் துறையில் என் வேலை. இந்த ஆளில்லாப் புல்வெளியில் மட்டும் மண்டை காய்ந்தது. ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் புதிதாக ஒரு கருகல்.

"எவனோ நம்மகிட்ட விளையாடுறான்!" என்று ஜீப் டிரைவரான என் மைத்துனனிடம் கத்தினேன்.

"ஏறுங்க மாமா, போவோம்."

பேட்டரி படுத்துவிட்டதால் அவன் எஞ்சினை அணைப்பதே இல்லை. ஜீப் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஜீப் நின்ற இடத்தில், சைலன்ஸருக்குக் கீழே இருந்த காய்ந்த புல் புகைந்துகொண்டிருந்தது.

இறங்கி மிதித்து அணைத்தோம். அவன் அசடு வழிந்தான்.

"நாமதானா மாமா? அப்போ கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? முதல் கருகலைப் பார்த்துட்டுத்தானேடா நம்மளையே இங்க அனுப்புனாங்க?"